தருமன் வீட்டுக்குள் வந்த ஏரி

பழவேற்காட்டு ஏரியின் கோரைத்திட்டில், ஐப்பசிப் புயல் கரையைக் கடந்த சில நாட்களில், ஏரி ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் ஏறி நின்றது. அது தருமன் வீடு. இடப்பக்கத்து வீட்டில் அடுப்புச் சாம்பல்கூட நனையவில்லை. வலப்பக்கத்து வீட்டில் காயப்போட்ட கருவாடு காய்ந்துகொண்டே இருந்தது. நடுவில், சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த தொகுப்பு வீடுகளில் ஒன்றான தருமன் வீட்டில், காலையில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்ததும் தரையிலிருந்து உப்புநீர் ஊறியது. உச்சிப்பொழுதில் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டது. மாலையில் யாராவது கதவைத் திறந்து "அக்கா" என்று கூப்பிட்டதும், அந்தக் குரலுக்கு மரியாதை செய்வது போல வடிந்து போனது. வடிந்த தரையில் இறால் துள்ளியது, மடவை மீன் புரண்டது, நண்டு கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. பழவேற்காட்டு ஏலத்தில் அன்றைய விலை என்ன என்று சொல்லும் குரலிலேயே ஊர் இதையும் சொன்னது. காரணத்தை யாரும் தேடி அலையவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாற்காலியில் செவ்வந்தி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

செவ்வந்தி தருமனுக்கு மூத்தவள். பிறந்த ஆண்டிலேயே வந்த காய்ச்சல் அவள் உயிரை விட்டுவைத்து மற்றவற்றில் பெரும்பகுதியைக் கொண்டு போனது. கால்கள் வளர மறுத்தன. கைகள் சொன்ன திசைக்குப் போக மறுத்தன. கழுத்து தலையைத் தாங்கச் சம்மதித்த நாளும் உண்டு, சம்மதிக்காத நாளும் உண்டு. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சும் இருந்தது, ஆனால் அவள் ஒரு சொல்லைச் சொல்லி அடுத்த சொல்லை எடுப்பதற்குள், துறையில் கட்டியிருந்த தோணி அவிழ்ந்து கண்ணுக்கு மறைந்துவிடும். காத்திருக்க நேரமில்லாத ஊர், காத்திருக்கத் தேவையில்லாத ஒரு பெயரை அவளுக்கு வைத்தது: ஊமை. தாய் இருந்தவரை தாய் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு தருமனும் அவன் மனைவி நந்தினியும் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் நல்லவர்கள். விடியலில் அவன் வலையோடு ஏரிக்குப் போனான். அவள் மீன்கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போனாள். போகுமுன் அக்காவைக் கழுவி, ஊட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, சரிந்து விழாமல் இடுப்பைத் துண்டால் கட்டி, நாய் நுழையாமல் கதவைப் பூட்டினார்கள். பூட்டியது கொடுமைக்காக அன்று, காவலுக்காக. இந்நாட்டில் கொடுமை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, ஒரு நியாயமான காரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. இருபது ஆண்டுகள் அந்தப் பூட்டுக்குள் அவள் சுவரைப் பார்த்தாள். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்பதே அந்த ஆண்டுகளைப் பற்றிய முழுச் செய்தி.

பிறகு பழவேற்காட்டில் லத்தீபா பகல் இல்லத்தைத் திறந்தாள். பழைய வணிகக் குடும்பத்துப் பெண். சென்னையில் இயன்முறை மருத்துவம் படித்துத் திரும்பியவள். பாட்டன்மார் துணி மூட்டைகளை அடுக்கிய கூடத்தில் கயிறும் கப்பியும் மாட்டினாள். சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி பதித்தாள். வீடுகளில் பூட்டி வைக்கப்பட்டிருந்த பெரியவர்களைப் பகலில் தன்னிடம் அனுப்புமாறு திட்டுத் திட்டாகப் போய்க் கேட்டாள். பிள்ளைக்குப் பள்ளி உண்டு, நோயாளிக்கு மருத்துவமனை உண்டு, பிணத்துக்குச் சுடுகாடு உண்டு. பிள்ளையும் அல்லாத, நோயாளியும் அல்லாத, பிணமும் அல்லாத மனிதருக்குப் பகலில் போவதற்கு ஓரிடம் உண்டா என்று கேட்டாள்.  ஊர் ஆட்களை அனுப்பியது, மதியச் சோறு அங்கே கிடைக்கும் என்பதால். காலையில் மனோஜ் என்பவன் இயந்திரப் படகோடு வந்து செவ்வந்தியை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தான். மாலையில் நாற்காலியோடு கொண்டுவந்து இறக்கினான்.

அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் பேசத் தொடங்கினால், அவர் முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தால் பெருந்துன்பம் அடைந்தவர் ஜலாலுதீன். கடைவீதியில் அத்தர் விற்றவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தவர், வாய் மட்டும் விழாதவர். "இன்னா தங்கச்சி, நீ வாயைத் தொறந்து மூடுறதுக்குள்ள சாயங்காலத்து அஸர் பாங்கே சொல்லிடுவாங்க போலக்கீதே" என்று ஒரு காலையில் அவர் செவ்வந்தியைச் சீண்டினார். கூடம் காத்திருந்தது. உலை கொதித்தது, சோறு வடிந்தது, தட்டுகள் வந்தன. அப்போது விடை வந்து சேர்ந்தது: "உங்க வாயி... ஓடுன ஓட்டத்துலதான்... பாய்... கையி... நின்னுபோச்சு." கூடத்தில் எழுந்த சிரிப்பில் ஜலாலுதீனின் சிரிப்பே பெரியது. அன்றிலிருந்து தாயம் ஆடும்போது அவளையே கூட்டாளியாக வைத்துக்கொண்டார். இடக்கையால் தமக்கும் அவளுக்கும் சேர்த்துக் கள்ளாட்டம் ஆடினார். அவளுடைய கழுத்து நிமிர்ந்தது. கரண்டி வாய்க்கு வழி கண்டது. வெள்ளிக்கிழமை நண்டு ரசத்தில் காரம் குறைவு என்று சண்டை பிடித்தாள்; அந்தச் சண்டை சனிக்கிழமை வரை நீண்டது; யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. இப்படி மூன்று ஆண்டுகள் அவள் பகலில் மனிதர்களுக்கு நடுவே இருந்தாள்.

புயல் வந்து துறையைப் பெயர்த்தது. மனோஜின் படகைத் தூக்கிச் சவுக்குத் தோப்பில் எறிந்தது. பலகை மாற்றி, இயந்திரம் மாற்றிப் படகு மறுபடி மிதக்கும் வரை அவளை நாற்காலியோடு ஏற்றிப் போக வழியில்லை. கதவு மறுபடி பூட்டப்பட்டது. அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் செவ்வந்தியின் பாதத்தில் முதல் ஈரம் பட்டது. அவள் அஞ்சவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இருபது ஆண்டுப் பூட்டில் வராத ஏரி இப்போது ஏன் வந்தது என்று பின்னாளில் வெளியூர்க்காரர் சிலர் கேட்டதுண்டு. விடை எளிது. அந்த இருபது ஆண்டில் அவளுக்குத் தனிமை தெரியாது, சுவர் மட்டுமே தெரியும். தன் ஒரு சொல்லுக்காக ஒரு கூடமே காத்திருக்கக் கண்டவளை மறுபடி சுவரின் முன் கட்டி வைத்தபோதுதான், அந்த அறை உண்மையிலேயே வெறுமை ஆனது. அவ்வளவு வெறுமையான ஓரிடம் அந்தக் கரையில் அதுவரை இருந்ததில்லை. நீர் அதை நிரப்ப வந்தது.

தரையில் மீனைக் கண்ட தருமன் அதில் கை வைக்கவில்லை. ஏரியில் மீன் கூடும் இடங்களைக் கோரைத்திட்டின் ஆண்கள் பாடு என்று பெயரிட்டுப் பிரித்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, இன்று இவன் நாளை அவன் என்று அந்தப் பாடுகளில் வலை போடுவார்கள். முறையில்லாத நாளில் மீனைத் தொட்டவன் திருடன். ஊர் அவனோடு பேசாது, அவன் வீட்டுச் சாவுக்கு வராது. மணம் முடித்த ஒவ்வோர் ஆணுக்கும் பாடுகளில் பங்கு உண்டு. அவன் மகனுக்கும் மணம் முடிந்ததும் உண்டு. விதவைக்கு, ஊருக்கு இரக்கம் இருந்தால், பாதி உண்டு. மணமாகாத பெண்ணுக்கு இல்லை. நாற்காலியில் கட்டி வைக்கப்பட்டவளுக்கு உண்டா இல்லையா என்று விதியே இல்லை; விதி செய்தவர்களுக்கு அப்படி ஒருத்தி இருப்பது நினைவுக்கு வந்ததில்லை. அந்த ஆண்டு முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. பாடுகள் எல்லாம் பொய்த்து, வலையில் பாசியும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஏறின. அப்படிப்பட்ட ஆண்டில்தான் தருமன் வீட்டுத் தரையில் இறால் கூடை கூடையாகத் துள்ளியது.

"ஊட்டுக்குள்ள வந்தது நம்ம மீனு. வாரிப் போடுய்யா, எவன் வந்து கேக்கப் போறான்?" என்றாள் நந்தினி.

"ஏரி மீனு எங்க வந்தாலும் ஏரி மீனுதாண்டி. இன்னிக்கு எம் முறையே கெடையாது. திருட்டு மீனத் துன்னுட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு துறைக்குப் போறது?" என்றான் தருமன்.

ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. அந்தத் திட்டில் முதலில் புரிந்தது அவளுக்குத்தான். "சொல்லாத" என்ற ஒரே சொல்லை அவள் அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். அது உதட்டுக்கு வந்து சேர்ந்தபோது தருமன் கங்கையம்மன் கோயில் முன் நின்று, பஞ்சாயத்தாரிடம் நடந்தது அனைத்தையும் சொல்லி முடித்திருந்தான். நேர்மையானவன். களவு செய்யத் தெரிந்த தம்பி ஒருவன் வாய்த்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

ஊர்த் தலைவர் லோகநாதன் பெரியவர்களோடு வந்து பார்த்தார். நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. உப்பென்றால் ஏரி, ஏரியில் மீன் கூடும் இடம் பாடு, பாடு ஊருக்குப் பொது. தீர்ப்பு பொழுது சாயுமுன் வந்துவிட்டது. நூறு ஆண்டுகளாக எந்தப் பாட்டையும் அப்படித்தான் தீர்மானித்தார்கள். இதை மட்டும் வேறு மாதிரி தீர்மானிக்க அவர்களுக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. சீட்டுக் குலுக்கப்பட்டது. முதல் முறை நீலமேகத்துக்கு விழுந்தது. அவன் விடியலில் வந்து வாசல் நிலையில் வலையைக் கட்டிவிட்டுத் தூரப் போய் உட்கார்ந்தான். மாலையில் பூட்டைத் திறந்து "அக்கா" என்று கத்தினான். நீர் வலை வழியாக வடிந்தது, மீன் வலைக்குள் நின்றது. அவளைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ ஒரு நாளும் கூப்பிட்டிராத ஆண்கள், அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் ஒருவராக வந்து அக்கா என்றார்கள், வலைக்கயிற்றை இழுப்பது போல. முதல் சில மாலைகளில் அவள் அந்தக் குரல்களுக்குச் சிரித்தாள். பதில் சொல்லவும் முயன்றாள். பதில் வருவதற்குள் அவர்கள் இறாலைத் தரம் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பகலில் யாராவது அவளோடு பேசினால் நீர் இறங்கியது. ஒரு குழந்தை சன்னலோரம் நின்று பாட்டுப் பாடிய நாளில் அரைக்கூடை மீன் குறைந்தது. ஆகவே ஊர் இன்னொரு விதி செய்தது: தருமன் வீட்டுப் பக்கம் பகலில் பேசக் கூடாது. குழந்தைகள் வேறு தெருவுக்கு விரட்டப்பட்டார்கள். பக்கத்து வீட்டு வானொலி நின்றது. மனிதரை மனிதர் தொடாமல் வைக்க எத்தனையோ விதிகளைச் செய்து பழகிய நாடு இது. பேசாமல் வைக்க ஒரு விதி செய்வது அதற்குப் பெரிய வேலையாக இல்லை.

மனோஜின் படகு மிதந்த அன்று, அதன் இயந்திரச் சத்தத்தை ஊரில் முதலில் கேட்டவள் செவ்வந்தி. கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அன்று உச்சிப்பொழுது வரை நீர் வரவே இல்லை. வலை கட்டியவன் அதற்கும் அவளைத்தான் திட்டினான். மனோஜ் வாசலுக்கு வந்தபோது சுற்று நடந்துகொண்டிருந்தது. நீலமேகம் தன் முறையை மைத்துனனோடு மாற்றிக்கொண்டு அன்றைக்கும் நிலையை மறித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அக்காவத் தூக்கிக்கினு போவணும், வழிவுடு."

"இன்னிக்கு எம் முறைடா. ஆளு வோணும்னா வேற ஊட்டாண்ட போயி கேளு."

"அது ஆளுண்ணே. பாடு இல்ல."

"ரெண்டுந்தாண்டா," என்றான் நீலமேகம், கோபமே இல்லாமல்.

தருமன் பஞ்சாயத்தில் கெஞ்சினான். எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்று முறை வரட்டும், அதற்குப் பிறகு அக்காவைப் படகில் அனுப்பிவிடுகிறேன் என்றான். நியாயம் என்று ஊர் ஒத்துக்கொண்டது. "ஒரே ஒரு சுத்துக்கா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்பூடும்" என்று அக்காவின் காதருகே குனிந்து சொன்னான். ஆனால் பாடு முறைக்கு ஒரு பழைய விதி உண்டு. புதிதாக ஒருவன் மணம் முடித்துப் பங்குக்கு வந்தால், சீட்டை மறுபடி குலுக்கிச் சுற்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தை பிறந்தது, மூன்று திருமணங்கள் நடந்தன, சுற்று முதலிலிருந்து தொடங்கியது. பங்குனியில் இரண்டு. வைகாசியில் நான்கு. பெண் கிடைக்காமல் இருந்தவர்களுக்கும் தோணிரேவு ஊர் வரை போய்ப் பெண் பார்த்தார்கள். கோரைத்திட்டில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு திருமணங்கள் நடந்ததில்லை. ஒவ்வொரு தாலிக்கும் மேளம் கொட்டியபோது, பூட்டிய வீட்டுக்குள் நீர் ஒரு விரல் கூடுதலாக ஏறியது.

லத்தீபா ஒரு நாள் ஜலாலுதீனையும் படகில் ஏற்றிக்கொண்டு பஞ்சாயத்துக்கே வந்தாள். கோயில் முன் நின்று பேசினாள். ஏரி உங்களுக்குச் சோறு போடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை; ஆனால் ஒருத்தியின் பகலை உருவி எடுத்துத்தான் அந்தச் சோறு வேக வேண்டுமா என்றாள். உடலால் உழைக்க முடியாதவளுக்கு ஏரியில் பங்கு வைக்காமல் விட்டீர்கள். சரி, இன்று ஊரில் எல்லோரையும் விட அதிகம் சம்பாதிப்பவள் அவள்தானே, அவள் பங்கு எங்கே என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பெண்கள் சிலர் தலையசைத்தார்கள். அவர்களுக்கும் பங்கில்லை என்பதால் அந்த அசைவு கணக்கில் வரவில்லை. கடைசியில் லத்தீபா ஒன்றே ஒன்று கேட்டாள். அவளையே கேளுங்கள்.

"கேட்டுடலாம், கேளுங்கம்மா. நாங்க இன்னா சனநாயகம் தெரியாதவங்களா?" என்றார் லோகநாதன்.

நாற்காலியோடு அவளைக் கொண்டுவந்து கோயில் முன் வைத்தார்கள். ஐம்பது ஆண்டு வாழ்வில் ஊர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அதற்கான விடையைப் பல மாதங்களாகத் தயாரித்து வைத்திருந்தாள். ஒரு சொல்லும் கூடுதல் இல்லாமல், ஒரு சொல்லும் குறைவில்லாமல். கழுத்தை நிமிர்த்தினாள். "நான்" என்றாள். கூட்டம் கேட்டது. அடுத்த சொல் அவளுக்குள் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவனுடைய கைப்பேசி அடித்தது. காற்றுத் திசை திரும்பியது. ஏரியில் நீர் ஓட்டம் மாறும் நேரம். முறைக்காரர்கள் துறையைப் பார்த்தார்கள். இருவர் எழுந்தார்கள், பிறகு ஐவர்.

"இன்னும் முடிக்கல. உக்காருங்கப்பா, ஒக்காந்து கேளுங்க!" என்று ஜலாலுதீன் நாற்காலியிலிருந்து கத்தினார். "நானே காத்திருந்து கேட்டவன்டா, எனுக்கே ஒண்ணும் ஆவல, உங்களுக்கு இன்னா ஆயிடப்போவுது?"

லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான்னு சொல்லிச்சி இல்ல? நான் இங்கியே இருந்துக்கிறேன்னு சொல்ல வருது. மிச்சத்த நம்ம புரிஞ்சிக்கலாம்" என்றார். கூட்டம் புரிந்துகொண்டு கலைந்தது. செவ்வந்தியின் வாக்கியம் நிற்கவில்லை. அது வெயில் சாயும் வரை வந்துகொண்டே இருந்தது: நான் மனுசங்க இருக்கிற எடத்துக்குப் போவணும். முழுமையான வாக்கியம், எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, கேட்க வேண்டியவர்கள் மட்டும் இல்லை. கேட்டவர்கள் மூவர். லத்தீபா, ஜலாலுதீன், தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்திருந்த தருமன்.

மறுநாள் விடியலில் தருமன் மனோஜைப் படகோடு வரச் சொன்னான். பூட்டைத் திறந்தான். அக்காவின் இடுப்புத் துண்டை அவிழ்த்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தான். அவள் கை, சொன்ன திசைக்குப் போகாத அந்தக் கை, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வாசலில் அன்றைய முறைக்காரன், மணமாகி ஒரு மாதம் ஆன ஒருவன், வலையோடு நின்றான். அவன் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் தருமன் தள்ளிவிட்டுப் போயிருப்பான். "எடுத்துக்கினு போண்ணே. எம் மொத முறை இது. பரவால்ல" என்று மட்டும் சொன்னான். அடுத்தவன் முறையைத் தொடாத கை தருமனுடையது.  அவன் திரும்பி உள்ளே போய், அக்காவை நாற்காலியில் வைத்துத் துண்டைக் கட்டினான். சட்டையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. மனோஜ் வெறும் படகோடு திரும்பிப் போனான்.

அதன் பிறகு மற்ற வீடுகளும் யோசித்தன. நடக்க முடியாத அண்ணன், கண் தெரியாத மாமன், கை நடுங்கும் சித்தி என்று திட்டில் எட்டு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களையும் பூட்டிப் பார்த்தார்கள். தரை காய்ந்தே கிடந்தது. சுவரை மட்டுமே அறிந்தவர்களைத் தேடி ஏரி வருவதில்லை என்பதை ஊர் விரைவிலேயே கற்றுக்கொண்டது. கற்றதும் அவர்களைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, மனோஜின் படகில் ஏற்றிப் பகல் இல்லத்துக்கு அனுப்பினார்கள். கூடம் நிறைந்தது, அக்கம் பக்கத்துத் திட்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லத்தீபா மகிழ்ந்தாள், புதிதாக இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். சில மாதம் போனதும், சிரிக்கத் தொடங்கியவர்கள், தாயம் ஆடத் தொடங்கியவர்கள், காலையில் படகுக்காகக் கழுத்தை நீட்டத் தொடங்கியவர்கள், ஒருவர் பின் ஒருவராக வராமல் போனார்கள். அவர்கள் வீடுகளில் ஏரி ஏறிவிட்டது என்று மனோஜ் வந்து சொன்னான். பழுத்ததும் வீட்டார் பறித்துக்கொண்டார்கள். தான் நடத்துவது இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை என்பதை லத்தீபா உணர்ந்தாள். உணர்ந்த அன்றே கயிற்றையும் கப்பியையும் கழற்றிக் கூடத்தைப் பூட்டினாள். திறந்து வைத்தால் கொடுமை, மூடினாலும் கொடுமை. எது சிறியது என்று பார்த்து மூடினாள். ஜலாலுதீன் மகன் வீட்டு மாடிக்குப் போனார். மாடி வரை ஏரி ஏறவில்லை, தனிமை மட்டும் ஏறியது.

இல்லம் மூடிய செய்தியைச் செவ்வந்திக்குச் சொன்னவள் நந்தினி, தலை வாரிவிடும்போது. "அந்தம்மா கதவச் சாத்திட்டுப் பூட்ச்சிக்கா. இனிமே படகு வராது" என்றாள்.  அன்று பூட்டியதும் நீர் கைப்பிடியில் நிற்கவில்லை; தோளைக் கடந்தது, தலையைக் கடந்தது, கூரையின் அடிப்பலகையைத் தொட்டது. மாலையில் முறைக்காரன் கதவைத் திறந்து அக்கா என்றான். நீர் அசையவில்லை, திறந்த வாசலில் கண்ணாடிச் சுவர் போல அப்படியே நின்றது. இன்னும் உரக்கக் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். லோகநாதன் வந்து கூப்பிட்டார். கடைசியில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கோரைத்திட்டு முழுவதும் அந்த வாசலில் கூடி நின்று, ஒரே குரலில் அக்கா என்று கூப்பிட்டது. தருமன் கூப்பிட்டான், குரல் உடையும் வரை. நீர் இறங்கவில்லை. உள்ளே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூந்தல் மேலே விரிந்து மிதந்தது. கண்கள் திறந்திருந்தன. கழுத்து நிமிர்ந்திருந்தது. மடவைக் கூட்டம் ஒன்று அவள் மடியைச் சுற்றி மெல்லத் திரும்பியது.

அவள் சாகவில்லை, அதைக் குறித்து ஊரில் கருத்து வேறுபாடு இல்லை. சோறு கேட்பதில்லை, கழுவிவிடத் தேவையில்லை. நந்தினிக்கு ஒரு வேலை குறைந்தது என்று சிலர் சொன்னார்கள். நந்தினி அவர்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தருமனுக்கு ஊர்ப் பொதுவில் வேறொரு வீடு கொடுக்கப்பட்டது. பகலும் இரவும் வடியாத பாடு, வாசலில் நின்றே வலை வீசி மீனை அள்ளலாம் என்பதால் ஒரு நாளுக்கு இரண்டு முறை என்று பஞ்சாயத்து மாற்றி அமைத்தது; சீட்டுக் குலுக்கும்போது அதைச் செவ்வந்திப் பாடு என்று சொல்கிறார்கள். ஏரியில் பங்கில்லாதவளின் பெயர் இப்போது ஏரியில் இருக்கிறது. பங்கு வழக்கம்போல ஆண்களிடம் இருக்கிறது.

தருமன் தன் முறை நாளில் அங்கே வலை கட்டியதில்லை. விடிந்ததும் போய்ச் சன்னலுக்கு வெளியே மணலில் உட்காருவான். உள்ளே அவள் உதடுகள் அசைகின்றன, மிக மெதுவாக. ஒரு பகலுக்கு ஒரு சொல், ஒரு குமிழியாக எழுந்து கூரைக்குப் போகிறது. அடுத்தது அடுத்த நாளில்தான் எழும். அன்று வேறொருவன் முறை. அதனால் தருமனால் ஒரு சொல்லுக்கு மேல் கேட்க முடிந்ததில்லை. போடாத வலையால் ஊருக்கு நட்டம் என்று போன மாசியில் பஞ்சாயத்து கூடி அவன் முறையையும் எடுத்துவிட்டது. அது நீலமேகத்தின் மகனுக்குப் போயிற்று; அவனுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு மாதம். இறால் நன்றாக வருகிறது.